பேய்க்கரும்புக்குப் பட்டா கிடையாது

எங்கள் புதுச்சேரி கொம்யூனில் முன்னேற்றத்தின் வாகனம் பொக்லைன்தான். மணப்பட்டிலிருந்து சோரியாங்குப்பம் வரை, தென்பெண்ணைக் கரையானாலும் வாய்க்கால் ஓரமானாலும், 'தூர்வாரும் பணி' என்று பலகை நட்டால் முதல் பலி நாணல். வேரோடு பிடுங்கி, காயப்போட்டு, கொளுத்தி, புகைக்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொள்வார்கள். கணக்கில் அதற்குப் பெயர் 'புதர் அகற்றல்'.

ஐயாமாரே, நீங்கள் கொளுத்தியது கரும்பின் தகப்பனை.

1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது வட இந்தியாவில் விளைந்தது மெலிந்த குச்சிக் கரும்பு. நம் பக்கத்துத் தடித்த கரும்பு அந்தக் குளிருக்குத் தாங்காது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள்? 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை, கோவையில் தானாக முளைத்துக் கிடந்த பேய்க்கரும்போடு, அதாவது இந்த நாணலோடு, இணை சேர்த்தார்கள். அந்த நாணலில் இனிப்பும் கிடையாது, சதையும் கிடையாது. மாடுகூட யோசித்துத்தான் வாய் வைக்கும். பிறந்தது கோ 205. 1918-இல் பஞ்சாப் வயலுக்குப் போனது. வெங்கட்ராமனுக்கு வெள்ளைக்காரன் 'சர்' பட்டம் கொடுத்தான். புல்லுக்கு நாம் தீ கொடுத்தோம்.

வறட்சியைத் தாங்குவதும் நோயை எதிர்ப்பதும் கரும்புக்கு அந்தப் புல் எழுதிவைத்த சொத்து. அது தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை உத்தரப் பிரதேசத்தில் போய்க் கேளுங்கள். கோ 0238 என்ற ஒரே ரகம் வயலையெல்லாம் பிடித்துக்கொண்டது; செவ்வழுகல் நோய் வந்ததும் அதே வேகத்தில் சரிந்தது.

"அதான் கோவையிலும் கண்ணூரிலும் சேகரித்து வைத்திருக்கிறார்களே!" என்பார் ஒரு மேதாவி. வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். ஆனால் பாத்தி கட்டி, வேளைக்குத் தண்ணீர் விட்டு வளர்க்கிற நாணல், கடலோரக் கிணற்றில் ஏறும் உப்பை எங்கே பார்த்தது? பெண்ணையின் வெள்ளத்தை எங்கே பார்த்தது? அடுத்த நூறு வருஷத்துக்கான பாடத்தை அது ஆற்றங்கரையில்தான் படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டுப் பழைய விடைத்தாளைப் பீரோவில் பூட்டிவைக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு குழு, அந்த ஊர் உயிரினங்களுக்கு ஒரு பதிவேடு. பல வருஷம் யாரும் தொடவில்லை. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களின் காதைத் திருகியதும், நாடு முழுக்கச் செடிகொடிகள் திடுதிப்பென்று கண்ணில் பட ஆரம்பித்தன. அப்புறம் 2023-இல் சட்டத்தையே திருத்தி, உயிர்வளத்தை அனுமதியில்லாமல் அள்ளிப்போகிறவனுக்கு இனி ஜெயில் வேண்டாம், அபராதம் போதும் என்று இரக்கப்பட்டார்கள். இரக்கம் நாணலுக்குக் கிடையாது. அதற்கு ஓட்டுமில்லை, பட்டாவுமில்லை.

பட்டினத்தாருக்குத் திருவொற்றியூரில் பேய்க்கரும்பு இனித்ததாம், முக்தி கிடைத்ததாம். இங்கே நல்ல கரும்பே கசக்கிறது. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பை வெட்டிக் கொடுத்துவிட்டு நிலுவைப் பணத்துக்கு அலைந்த விவசாயி, ஆலைக் கதவில் பூட்டு தொங்கியதையும் பார்த்தான். அவனிடம் போய் "கரும்பின் வம்சத்தைக் காப்பாற்று" என்று சொல்ல எந்த அதிகாரிக்கு நாக்கு எழும்?