மாலத்தீவில் ஒரு ராஜினாமா

ஊர் சுற்றும் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கிறார்கள், ஏதாவது ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறார்கள். நாலு காசு சேர்ந்ததும் முதலாளியிடம் சொல்லியோ சொல்லாமலோ மூட்டையைத் தூக்கிவிடுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் இதே பிழைப்பு பிழைத்தவர் இப்னு பதூதா. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில் துக்ளக்கோடு வருவாரே, அவரேதான். மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்துக்காரர். 1325இல், 21 வயதில், ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வீடு திரும்ப 1349 ஆயிற்று.

கையில் இருந்த ஒரே முதல், கொஞ்சம் மார்க்கச் சட்டப் படிப்பு. அன்றைக்கு அது பாதி உலகத்தில் செல்லுபடியாகிற சான்றிதழ். காஜி, அதாவது நீதிபதி, எந்த ஊரிலும் தேவைப்பட்டார். டெல்லியில் சுல்தான் துக்ளக் வருடம் 12,000 தினார் சம்பளத்தில் வேலை போட்டுக்கொடுத்தார். “இங்கே புழங்குகிற சட்டப் பிரிவு என்னுடையதல்ல, பாஷையும் தெரியாது” என்று பதூதா உண்மையையே சொன்னார். அதனாலென்ன, உண்மையான வேலைக்கு இரண்டு பேரைப் போடுகிறேன், உன் முத்திரை இருந்தால் போதும் என்பதுபோல முடித்துவிட்டார் சுல்தான். அத்தனை சம்பளம் வாங்கியும் பதூதாவுக்கு 55,000 தினார் கடன். அதையும் கஜானாதான் அடைத்தது.

இப்படிப்பட்ட வேலையை யார் விடுவார்கள்? அந்த முதலாளி கோபம் வந்தால் சம்பளத்தைப் பிடிப்பதில்லை, தலையை எடுத்துவிடுவார் என்பதுதான் ஒரே சிக்கல். பதூதா போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரு ஞானி சுல்தானின் கோபத்துக்குப் பலியானார். அந்த விவகாரத்தில் பதூதாவையும் காவலில் வைத்தார்கள். பட்டினி கிடந்து, ஓதி, எப்படியோ தப்பித்தார். தப்பித்ததும் உடைமைகளைத் தானம் செய்துவிட்டு பக்கிரியாகிவிட்டார். அந்தத் துறவு ஐந்து மாதம் நீடித்தது. சீனாவுக்குத் தூதராகப் போ, உனக்குத்தான் ஊர் சுற்றப் பிடிக்குமே என்று சுல்தானிடமிருந்து அழைப்பு வந்ததும் பக்கிரி உடை போன இடம் தெரியவில்லை.

தூது கோழிக்கோட்டிலேயே மூழ்கியது. பெரிய கப்பலில் அறை வசதியாக இல்லை என்று தன் சாமான்களையும் ஆட்களையும் சின்னக் கப்பலுக்கு மாற்றிவிட்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார் பதூதா. கடல் கொந்தளித்தது. சுல்தானின் பரிசுகளோடு பெரிய கப்பல் நொறுங்கியது. அதைப் பார்த்து மிரண்ட சின்னக் கப்பல் அவரை விட்டுவிட்டே ஓடிவிட்டது. கரையில் பதூதா; கையில் பத்து தினாரும் படுத்திருந்த விரிப்பும். டெல்லிக்குத் திரும்பி “பரிசெல்லாம் கடலுக்குள் இருக்கிறது” என்று துக்ளக்கிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அந்த வேலையை அவர் விட்டது அப்படித்தான்: கடிதமும் இல்லை, கணக்கும் இல்லை.

மாலத்தீவுக் கதைதான் இதில் பிரமாதம். 1343 வாக்கில் அங்கே இறங்கியபோது, தான் காஜி என்பதையே மறைத்தார். தெரிந்தால் பிடித்துப் போட்டுக்கொள்வார்கள், இலங்கை, வங்காளம், சீனா என்று போட்ட திட்டமெல்லாம் பாழாகும் என்று பயம். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஆண்டது கதீஜா என்ற ராணி. நிர்வாகம் அவர் கணவரான தலைமை அமைச்சர் கையில். கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பதூதாவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

உட்கார்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்களைச் சாட்டையால் அடிக்கவைத்தார். திருடன் ஒருவனின் கையை வெட்டச் சொன்னபோது சபையிலிருந்த தீவுக்காரர்கள் சிலர் மயங்கியே விழுந்தார்கள். பெண்கள் இடுப்புக்கு மேலும் உடுத்த வேண்டும் என்று அவர் போட்ட உத்தரவு அவருடைய நீதிமன்ற வாசலைத் தாண்டவில்லை. தோற்றுப்போனதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். இத்தனை கண்டிப்பான மனிதர் நான்கு மனைவியரை மணந்திருந்தார், அடிமைப் பெண்கள் தனி. மீனும் தேங்காயும் தந்த தெம்பு என்று காரணமும் சொல்கிறார். சம்பந்தம் செய்ததெல்லாம் அரச குடும்பத்தோடும் அமைச்சர் வீடுகளோடும். வந்தேறிக் காஜிக்கு இத்தனை மாமனார்கள் எதற்கு என்று தலைமை அமைச்சருக்கு வயிற்றைக் கலக்கியதில் வியப்பில்லை.

ஒரு தண்டனை விவகாரத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. பதூதா ராஜினாமா என்றார். மனைவியருக்குத் தர வேண்டிய மணக்கொடையான மஹரையும் ஊர்க் கடனையும் அடைத்துவிட்டுப் போ என்றார் அமைச்சர். உண்மையிலேயே கிளம்பிவிடுவார் போலிருக்கிறது என்று தெரிந்ததும், இருந்துவிடேன் என்று இறங்கிவந்தார். இந்த நாடகத்தை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். பதூதா மசியவில்லை. மனைவியரை விவாகரத்து செய்தார். கர்ப்பமாக இருந்தவளுக்கு மட்டும் ஒன்பது மாதத் தவணை, அதற்குள் வராவிட்டால் அவள் இஷ்டம். தீவுப் பெண்கள் ஊரை விட்டு வரமாட்டார்கள், ஆகவே மாலுமிகள் வந்ததும் மணப்பதும் போகும்போது விடுவதும் அங்கே வழக்கம் என்று ஊர்மேல் பழியைப் போடுகிறார். ஊர் வழக்கம் சரி, ஆனால் தன் வசதிக்கு ஒத்த வழக்கத்தில் மட்டும் இந்தக் காஜி சாட்டையை எடுக்கவில்லை.

கிளம்பியவர் நேராகப் போனாரா? வழியில் ஒரு தீவு பிடித்துப்போய் 70 நாள் தங்கினார். அங்கே இன்னும் இரண்டு கல்யாணம்.

இதைவிட மோசமானது அவர் மடியில் கட்டிக்கொண்டு போன சதி. மதுரையிலிருந்து கப்பற்படையோடு வந்து தீவுகளைப் பிடிப்பது. வெள்ளைக் கொடி தெரிந்ததும் உள்ளே இருக்கும் கூட்டாளிகள் கிளம்புவது. முன்னாள் முதலாளிமேல் கடுப்பு எல்லோருக்கும் உண்டு. அதற்காகப் படையெடுக்கத் திட்டம் போட்ட ஊழியர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

மதுரை ஏன் என்றால், அங்கே சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. துக்ளக்கை உதறிவிட்டு மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் ஒரு மகளை டெல்லியில் மணந்திருந்தார் பதூதா. இன்னொரு மகள் கியாசுத்தீனுக்கு. நடுவில் காற்று அவரை இலங்கையில் தள்ள, அங்கே ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்தும் உபசாரமும் பெற்று, சங்கிலி பிடித்துச் சிவனொளிபாத மலையும் ஏறி இறங்கினார். பிறகு சோழமண்டலக் கரையோரம் கப்பல் உடைந்து தப்பிப் பிழைத்துச் சகலையின் பாசறையை அடைந்தார்.

இங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. சகலை தான் சிறைபிடித்த இந்துக்களைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் பார்த்து அருவருத்து எழுதியிருக்கிறார் பதூதா. அருவருத்தாரே தவிர, அந்தச் சகலையிடம் படை கேட்பதை விடவில்லை.

படை கிளம்பவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவி, ஆட்கள் இரண்டு மூன்று நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள். சுல்தானும் போய்ச் சேர்ந்தார். காய்ச்சலில் விழுந்த பதூதாவைக் காப்பாற்றியது நம்மூர்ப் புளி. ஒரு ராத்தல் அளவு புளியைக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் பேதியானது, பிழைத்தார். அடுத்த சுல்தான் படையெடுப்புக்குத் தயார் என்றபோது, மதுரையே வேண்டாம் என்று இவர் கிளம்பிவிட்டார். மலபார் கடலில் கொள்ளையர்கள் கால்சராயை மட்டும் விட்டுவைத்து எல்லாவற்றையும் பறித்தார்கள். அப்படியும் மாலத்தீவுக்குப் போய், தான் விட்டு வந்தபின் பிறந்த மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, அவனைத் தாயிடமே விட்டுவிட்டு, வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார்.

சீனா, ஸ்பெயின், மாலி எல்லாம் முடித்துப் பயணக் கதையை 1355இல் சொல்லி எழுதவைத்த பிறகு, மொராக்கோவில் ஏதோ ஒரு ஊரில் மறுபடி காஜியானார். அந்த வேலையை மட்டும் விடவில்லை. 1368 வாக்கில் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.