பல்லி குற்றவாளி இல்லை

புளியங்குளத்தில் அம்ப்ளிபயர் பழுதானால் அதைத் திருத்துவது இரண்டாவது வேலை. முதல் வேலை, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் இங்கே அரைவாசி றேடியோ எஞ்சினியர். பட்டம் கொடுத்தது போர்க்காலப் பொருளாதாரத் தடை. 1990இல் வந்த அந்தத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. அதற்காக பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்காமல் விட முடியுமா? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டயரோடு உரசும் 6 வோல்ற் டைனமோவில் இருந்து இரண்டு வயர் இழுத்து, நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு றேடியோவுக்குக் கொடுத்தார்கள். பெடலைக் கையால் சுற்ற ஒரு பெடியன். அவனுக்குக் கை உளைந்தால் லண்டனில் செய்தி வாசிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கும்.

என் பெரியப்பா அந்தக் காலத்து விற்பன்னர். 1997இல் இராணுவத்தின் ஜயசிக்குறுச் சண்டை எங்கள் சந்திவரை வந்து ஊரே மூட்டை கட்டியபோதும் டைனமோவைக் கழற்றாமல் சைக்கிளோடு உருட்டிக்கொண்டு போனவர். வீட்டுச் சுவரில் 230 வோல்ற் சும்மா வந்து நிற்பதை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை.

"இதை ஆர் சுத்துறாங்கள்?"

நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து நிமிடத்துக்கு 3000 தரம் சுற்றுகிறார்கள் என்று சொன்னேன். "விடாமலோ?" என்றார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே கரண்ட் இல்லாமல் நின்றபோது, நுரைச்சோலையும் சேர்ந்து படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் சில நாள் வெட்டு. பெரியப்பா அந்த நாட்களில் மிகவும் சந்தோசமாக இருந்தார்.

என்னுடையது மூன்று ஸ்பீக்கர் உள்ள மலிவுச் செற். வெளியே 5000 வாற்ஸ் என்று ஸ்ரிக்கர். உள்ளே ஆளுக்கு 14 வாற்ஸ் அளவில் தள்ளக்கூடிய ரி.டி.ஏ. 2030 ஐ.சி. மூன்று. மிச்சம் 4958 வாற்ஸும் ஸ்ரிக்கரில்தான் இருக்கிறது. கொஞ்சக் காலமாகவே பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஒருநாள் இரவு 'டப்' என்றது. அதோடு பாட்டும் இல்லை, இரைச்சலும் இல்லை.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பல்லி. பியூசைத் தாண்டி ரான்ஸ்போமருக்குப் போகிற இரண்டு முனைக்கும் குறுக்கே, முன்னங்கால் ஒன்றில், பின்னங்கால் மற்றதில், வாலைச் சுருட்டியபடி கருகிப் போய்க் கிடந்தது. சூட்டுக்கு ஆசைப்பட்டு வந்திருக்கும். பஞ்சாங்கத்தில் தலையில் பல்லி விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்று உடம்பு முழுவதற்கும் பலன் போட்டிருக்கிறார்கள். சேர்க்கிட்டில் விழுந்தால் என்ன என்பதற்கு அதில் இடமில்லை. வேலியோரம் நின்றவர்கள் அந்தக் குறையை நிவர்த்தி செய்தார்கள். ஏகமனதான தீர்ப்பு: எல்லாவற்றுக்கும் காரணம் பல்லி.

புதுப் பியூஸ் போட்டேன். நேரே கரண்ட் கொடுக்கப் பயம். உள்ளே ஷோர்ட் இருந்தால் மற்றதும் எரிந்துபோகும். அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது: கரண்ட் வரும் வழியில் 60 வாற்ஸ் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போடுவது. பளிச்சென்று எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷோர்ட். ஒருதரம் மின்னி மங்கினால் பயமில்லை. ஆனால் ஊரெல்லாம் எல்.ஈ.டி. ஆகிவிட்ட பிறகு குண்டு பல்புக்கு எங்கே போவது? சின்னம்மாவின் கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. "பொழுதுபட முதல் வந்திடோணும். குஞ்சுக்கு ஒண்டு நடந்தால் உன்ர பாட்டுப் பெட்டியைத்தான் அடைக்கு வைப்பன்" என்ற நிபந்தனையோடு தந்தார்.

பல்ப் மின்னி மங்கியது. பிறகு நேரே கொடுத்தேன். பெட்டிக்கு உயிர் வந்தது. இரைச்சலும் கூடவே வந்தது. வேலியில் ஒரே அமைதி. பெரியப்பாதான் வாயைத் திறந்தார்.

"பல்லி செத்தாப் பிறகும் இரையுது. அப்ப பல்லி இல்லை. வொலியூமை முழுக்கக் குறை. அப்பவும் இரையுதோ?"

"ஓம்."

"அப்ப பாட்டு வாற பக்கத்தில பிழை இல்லை. கரண்ட் வாற பக்கம் பார். கொண்டென்சர்."

மீற்றரைத் தொடாமலே சொன்னார். வொலியூமோடு சேர்ந்து கூடிக் குறையும் இரைச்சல் என்றால் பின்னை, வயரை, ஏர்த்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு குறைத்தாலும் அசையாமல் நிற்பது பவர் சப்ளை இரைச்சல். பார்த்தேன். 4700 மைக்ரோபரட், 25 வோல்ற் கொண்டென்சர் இரண்டும் தட்டையாக இருக்க வேண்டிய தலை புடைத்து, அப்பம் பொங்கினதுபோல நின்றன. நம் கரண்ட் 50 சைக்கிள். டயோட்டுக்குள்ளால் வரும்போது அது செக்கனுக்கு 100 துடிப்பு. இரண்டு துடிப்புக்கு இடையில் விழுகிற பள்ளத்தை நிரப்புவதுதான் கொண்டென்சரின் உத்தியோகம். சூட்டில் உள்ளிருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் அந்தப் பள்ளம் அப்படியே காதுக்கு வரும். இதை நான் விளக்க, பெரியப்பா பாதியில் வெட்டினார். "சுத்துறவன் கை மாத்தேக்க பிடிச்சு வைச்சிருக்கிறது அதுதானே. எனக்குச் சொல்லுறாய்."

வவுனியாக் கடையில் 25 வோல்ற் இல்லை, 35 தந்தார்கள். வோல்ற் கூடினால் பாதகமில்லை, உயரம் மட்டும் கூட. "சத்தமும் கூட வருமோ?" என்று வேலியில் ஒருவர் ஆவலாகக் கேட்டார். வராது என்றதும் அவருக்கு இந்தத் தொழிலில் இருந்த ஆர்வமே போய்விட்டது. கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று பார்த்துச் சோல்டர் பண்ணி, ஸ்பீக்கர் முனையில் மீற்றரை வைத்தேன். சில மில்லிவோல்ற்தான். இதைப் பார்க்காமல் ஸ்பீக்கரைக் கொழுவினால், ஐ.சி. போயிருக்கிற பெட்டி கோயிலையும் சேர்த்து எரித்துவிடும். ஸ்பீக்கருக்குள் இருக்கிற செப்புக் கம்பிச் சுருளைச் சொல்கிறேன், கடைக்காரர்கள் அதைக் கோயில் என்றே சொல்வார்கள்.

இரைச்சல் இல்லை. நான் பாட்டுத் தேடி போனைத் தடவுவதற்குள் பெரியப்பா தன் றேடியோவின் வயரைப் பெட்டியில் குத்தி, பாஸை முழுக்கத் திருகி, வொலியூமையும் ஏற்றிவிட்டார். மரண அறிவித்தல் நேரம். அன்னாரின் பிறந்த இடம், வசித்த இடம், மருமக்கள், பூட்டப்பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர அதிர வந்தார்கள். "சுத்தமாக் கிடக்கு" என்று பெரியப்பா சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கையில், நெடுங்கேணிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை எங்கள் படலையில் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"ஆர் மோசம் போனது?" என்றார்.