உண்மை ரசிகனின் இலக்கணம்

மெட்டாலிகா இசைக்குழுவின் உண்மையான ரசிகனுக்கு மெட்டாலிகாவைப் பிடிக்காது. இதைவிடத் தூய பக்தி உண்டா? 1984-இல் ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டில் அக்கூஸ்டிக் கிட்டார் ஒலித்ததுமே, “விலைபோய்விட்டார்கள்” என்று சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். தீர்க்கதரிசிகள்! 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் காதில் விழுவதே இல்லை. விழாததையும் கேட்பவனே ரசிகன். 1991-இன் கறுப்பு ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. ஊரே வாங்கியதை மானமுள்ளவன் தொடுவானா? (வாங்கி, அலமாரியில் பின்வரிசையில் வைத்தான்.) 1996-இல் முடிவெட்டிக்கொண்டு ‘லோட்’ வெளியிட்டார்கள். முடி போனால் ஸ்வரமும் போகும், ஒலியியல் விதி.

2003-இல் ‘செயின்ட் ஆங்கர்’. எழுபத்தைந்து நிமிடத்தில் ஒரு கிட்டார் சோலோகூட இல்லை. டிரம்மர் லார்ஸ் உல்ரிச் ஸ்னேர் டிரம்மின் கம்பிகளை விலக்கிவிட்டு அடித்ததில், பாட்டுக்குப் பாட்டு தகர டப்பா. கொஞ்சமா திட்டினான்!

அவனுக்கு மிஞ்சிய ஒரே கோயில் 1986-இன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பம். 2022-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் அதன் தலைப்புப் பாட்டு வர, பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். தீட்டு!

இப்போது அவன் தகர டப்பாவின் நுட்பங்களை விளக்கிக்கொண்டிருக்கிறான். அந்த ஆல்பத்துக்கு மட்டும் போட்டிக்கு ஆள் வரவில்லை.