தோரி வாசலில் ஒரு கும்பிடு

வடக்குப்பட்டு, ஒரகடம், வல்லம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இந்த வாரம். ஜப்பானியக் கம்பெனிகள் நிறைந்த வட்டாரம். பயிற்சிக்காக ஜப்பானுக்குப் போய்வருகிறவர்கள் அதிகம். போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் கேட்டது, அந்த நாட்டின் சொந்த மதமான ஷின்டோவின் கோயில்களைப் பற்றித்தான்.

கே: அடுத்த மாதம் நகோயாவுக்குப் பயிற்சிக்குப் போகிறேன். அங்குள்ள கோயிலுக்குள் நம்மை விடுவார்களா? எப்படிக் கும்பிடுவது?
— பயிற்சிப் பொறியாளர், ஒரகடம்

ப: தாராளமாகப் போங்கள் தம்பி. என்ன ஊர், என்ன மதம் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. 'தோரி' என்கிற வாசலுக்கு முன் நின்று ஒருமுறை தலை குனியுங்கள். பாதையின் நடுவில் நடக்காதீர்கள், அது சாமி போகிற வழி. ஓரமாகப் போனால் தண்ணீர்த் தொட்டி வரும். அகப்பையில் ஒருமுறை மொண்டு முதலில் இடது கை, பிறகு வலது கை; அப்புறம் இடது உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு வாய் கொப்பளித்து, தொட்டிக்கு வெளியே துப்ப வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்தி, மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியே வழிய விடுங்கள். அடுத்து வருகிறவர் பிடிக்கப் போகிற இடம் அது. இத்தனையும் ஒரே அகப்பைத் தண்ணீரில் முடியும். கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டார்கள். அங்கே ஓடும் நீரில் கை கழுவினால் போதும்.

சன்னிதியில் காசு போட்டு, மணி இருந்தால் அடித்து, இருமுறை குனிந்து, இருமுறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனியுங்கள். இசுமோ பெருங்கோயிலில் நான்கு தட்டு. விக்கிரகத்தைத் தேடாதீர்கள், கண்ணாடியோ வாளோ, சாமி குடிகொண்ட பொருள் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும். நகோயாவிலேயே அட்சுதா கோயில் இருக்கிறது. அரச குலத்தின் மூன்று சின்னங்களில் ஒன்றான வாள் அங்கே இருப்பதாக ஐதீகம். தவறவிடாதீர்கள். புத்தர் கோயிலுக்கும் போவீர்கள். அங்கே கை தட்டக் கூடாது, கூப்பினால் போதும்.

கே: உண்டியலில் எவ்வளவு போடுவது?
— அவருடைய அறை நண்பர்

ப: மொய்யில் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற அதே மனசோடு ஐந்து யென் போடுங்கள். நடுவில் ஓட்டை உள்ள மஞ்சள் காசு. நல்ல உறவைத் தேடித் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கே: வீட்டுக்காரர் அங்கிருந்து தாயத்து மாதிரி ஒரு குட்டிப் பை அனுப்பியிருக்கிறார். பிரித்துப் பார்க்கலாமா?
— இல்லத்தரசி, வடக்குப்பட்டு

ப: பிரிக்காதீர்கள் அம்மா. அது 'ஒமாமோரி'. பூவேலை செய்த துணிப் பைக்குள் சாமி பெயர் எழுதிய தாளோ மரத்துண்டோ இருக்கும். சுகப்பிரசவம், படிப்பு, சாலைப் பாதுகாப்பு, வியாபாரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. டோக்கியோவில் அகிஹபாரா எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிக்குப் பக்கத்தில் உள்ள கந்தா மியோஜின் கோயிலில் கம்ப்யூட்டருக்குக் காவலாகவும் ஒன்று தருகிறார்கள்.

இதற்கு ஆயுசு ஒரு வருஷம். பிறகு வாங்கிய கோயிலிலேயே திருப்பிக் கொடுத்தால், முறைப்படி தீயில் சேர்ப்பார்கள். அந்த ஊர் வழிபாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வரம் கேட்கப் போனவர், கிடைத்த பிறகு நன்றி சொல்வதற்கென்றே இன்னொரு முறை போக வேண்டும். மொட்டை போட நேர்ந்துகொண்டு பத்து வருஷமாகத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! உங்கள் நேர்த்திக்கடன் ஏதாவது வல்லக்கோட்டை முருகனுக்குப் பாக்கி இருந்தால், வீட்டுக்காரர் வந்ததும் முதல் வேலையாக முடித்துவிடுங்கள்.

கே: சரஸ்வதி ஜப்பானில் இருப்பது உண்மையா?
— ஐடிஐ மாணவர், ஸ்ரீபெரும்புதூர்

ப: உண்மை. பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவள். அங்கே பெயர் பென்சைதென், செல்லமாகப் பென்தென். கையில் வீணைக்குப் பதில் 'பிவா' என்கிற நரம்பு வாத்தியம். ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் இவள் ஒருத்திதான் பெண். அந்த ஏழு பேரில் நம் மகாகாளனும் குபேரனும்கூட உண்டு. மகாகாளன் அங்கே அரிசி மூட்டைமேல் நின்று சிரிக்கிறார். குபேரன் கவசம் பூண்டு நிற்கிறார். 1868-இல் மெய்ஜி அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணை போட்டபோது பல சன்னிதிகளில் அவள் பெயரை மாற்றினார்கள். ஆனால் ஜனங்கள் வாயிலிருந்து பென்தென் போகவில்லை.

டோக்கியோவுக்குத் தெற்கே காமகுராவில் செனியாராய் பென்தென் கோயில் இருக்கிறது. பாறையைக் குடைந்த வழியாக உள்ளே போனால் ஒரு குகை, குகைக்குள் ஊற்று. கையிலுள்ள காசையும் நோட்டையும் சின்ன மூங்கில் கூடையில் போட்டு, அகப்பையால் ஊற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். கழுவிய பணம் பெருகும் என்பது நம்பிக்கை. கலைமகளிடம் போய்க் காசு கேட்பதா என்று முகம் சுளிக்காதீர்கள். கைத்தொழில் கற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்பது ஐடிஐயில் லேத் பிடிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

கே: கோயிலில் மரப்பலகைகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்களே, அது என்ன?
— வாசகி, படப்பை

ப: 'எமா'. பின்பக்கம் வேண்டுதலை எழுதி மாட்டுவார்கள். தமிழிலேயே எழுதலாம், சாமிக்குப் புரியும். ஒரு காலத்தில் கோயிலுக்கு உயிருள்ள குதிரையையே கொடுத்தார்கள். கியோத்தோ பக்கத்துக் கிபுனே கோயிலில் மழை வேண்டிக் கறுப்புக் குதிரை, மழை நிற்க வெள்ளைக் குதிரை. குதிரைக்கு வசதியில்லாதவர்கள் பலகையில் வரைந்து கொடுத்தார்கள். ஐயனாருக்கு மண் குதிரை எடுக்கிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கே: மகன் பிளஸ் டூ. தேர்வுக்கென்று அங்கே தனிச் சாமி உண்டாமே?
— அம்மா, சுங்குவார்சத்திரம்

ப: உண்டு, அவர் ஒரு காலத்தில் மனிதராக வாழ்ந்தவர். சுகவாரா நோ மிச்சிசானே, 845-இல் பிறந்த பெரும் புலவர், அமைச்சர். பொறாமைக்காரர்கள் பழி சுமத்தி 901-இல் தொலைதூரத் தசாய்ஃபுவுக்குத் துரத்தினார்கள். 903-இல் அங்கேயே இறந்தார். பிறகு பகைவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள்; 930-இல் அரண்மனையில் இடி விழுந்தது. அவர் கோபம்தான் என்று நடுங்கிய தலைநகரம் கோயில் கட்டிக் கும்பிட்டது. அநியாயமாகச் செத்தவரைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது நம் கிராமங்களிலும் உள்ள வழக்கம்தானே! கோபக்காரச் சாமி பின்னாளில் படிப்புச் சாமி ஆனார். ஜனவரியில் அவர் கோயில்களில் மாணவர் கூட்டம் அலைமோதும். உங்கள் மகனுக்குப் பக்கத்துப் பிள்ளையார் போதும் அம்மா. பதினொரு மணிக்கு மேல் கண்விழிக்க விடாதீர்கள்.

கே: கோயிலில் 'ஒமிகுஜி' என்கிற பலன் சீட்டு எடுத்தேன், கெட்ட பலன் வந்தது. மனசு சரியில்லை.
— ஒசாகாவிலிருந்து ஒரகடத்துக்காரர்

ப: அதைக் கோயிலிலேயே கம்பியில் கட்டிவிட்டு வந்திருந்தால் கெட்டது அங்கேயே தங்கிவிடும் என்பார்கள். பையில் இருந்தால் நாளைக்கே போய்க் கட்டுங்கள். வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். சீட்டைவிட அதற்குத்தான் ஏங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது.

கே: தீட்டு பார்ப்பார்களா?
— வாசகர், மணிமங்கலம்

ப: சாவு வீட்டுக்காரர்கள் 50 நாள் கோயில் பக்கம் போவதில்லை.

கே: என் தாத்தா போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. என் பேரன் ஜப்பான் கோயிலில் கும்பிடுவது எனக்கு ஒப்பவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீபெரும்புதூர்

ப: உங்கள் வலி நியாயமானது ஐயா. மெய்ஜி காலம் தொட்டு அரசு ஷின்டோவைத் தன் கைக்கருவி ஆக்கிக்கொண்டது. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த கையோடு, மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் 'ஷோனான் ஜின்ஜா' என்ற கோயிலைப் போர்க்கைதிகளை வேலை வாங்கிக் கட்டினார்கள். 1945-இல் தோற்றதும் தாங்களே அழித்தார்கள். அந்த டிசம்பரில் நேச நாட்டு ஆணை வந்து கோயிலுக்கும் அரசுக்கும் இருந்த உறவை வெட்டியது. போரில் இறந்தவர்களைத் தெய்வமாக வணங்கும் டோக்கியோவின் யாசுகுனி கோயிலில் 1978-இல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

யாசுகுனிக்குப் பேரன் போக வேண்டாம். ஆனால் நெல்லுக்குக் காவலான இனாரியும் தெருமுனைச் சாமியும் யாரையும் சயாமுக்கு இழுத்துப் போகவில்லை. அவன் கும்பிடட்டும். கிளம்புவதற்கு முன் உங்கள் தாத்தாவின் கதையை முழுசாகச் சொல்லி அனுப்புங்கள்.

கே: ஆயுத பூஜையன்று எங்கள் ஜப்பானிய மேனேஜர் பொட்டு வைத்துக்கொண்டு கடைசிவரை நிற்கிறார். மரியாதைக்கா, நம்பிக்கைக்கா?
— ஷிப்ட் சூப்பர்வைசர், வல்லம் வடகால்

ப: இரண்டுமாக இருக்கலாம், அவருக்கு இது புதிதல்ல. அங்கே பெரிய கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்தமாகவே கோயில் உண்டு. டொயோட்டாவுக்கு ஹோகோ கோயில். மித்சுகோஷியின் நிஹொன்பாஷிக் கடையில் மொட்டை மாடியிலேயே கோயில். புதுக் காருக்குப் பூசாரி வெள்ளைக் காகிதத் தோரணம் கட்டிய கோலை ஆட்டித் திருஷ்டி கழிப்பார். கட்டடம் தொடங்கும் முன் நாலு மூலையிலும் பச்சை மூங்கில் நட்டு, கயிறு கட்டி, அரிசியும் உப்பும் சாகே மதுவும் படைத்துப் பூமி பூஜை. ட்சு நகராட்சி 1965-இல் ஊர்ப் பணத்தில் இதைச் செய்ததால் வழக்காகி, 1977-இல் உச்ச நீதிமன்றம் இது சமூக வழக்கம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அவருக்குச் சுண்டல் கொடுங்கள், காரம் குறைத்து.

கே: நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு எங்கள் எல்லையம்மன் தனியாக நிற்கிறாள். ரோட்டுக்காக இடம் மாற்றச் சொல்கிறார்கள். ஜப்பானாக இருந்தால் என்ன செய்வார்கள்?
— பெரியவர், வடக்குப்பட்டு

ப: டோக்கியோ ஹனேதா விமான நிலையம் இருக்கும் இடத்தில் அனாமோரி இனாரி கோயில் இருந்தது. 1945-இல் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை விமான நிலையத்தைப் பெரிதாக்க ஊரையே காலி செய்யச் சொல்லிக் கோயிலை இடித்தது. சிவப்புத் தோரி மட்டும் நின்றது. அதை அகற்றப் பயந்து, கார் நிறுத்துமிடத்துக்கு நடுவிலேயே பல்லாண்டு விட்டுவைத்தார்கள். 1999-இல்தான் மரியாதையோடு ஆற்றோரமாக நகர்த்தினார்கள். கோயிலை ஜனங்களே வேறு இடத்தில் திரும்பக் கட்டியிருந்தார்கள்.

சாமி இடம் மாறுவது பாவமல்ல. இசே பெருங்கோயிலையே 20 வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி மாற்றுகிறார்கள். 2013-இல் நடந்தது, அடுத்தது 2033. ஆனால் ஊரைக் கேட்காமல், பேச்சு வாக்கில் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். புது இடத்தின் சர்வே எண், போக வர வழி, திருவிழாவுக்கு இடம் எல்லாம் எழுத்தில் வரட்டும். உங்கள் ஊர் நேற்று முளைத்ததா என்ன? 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகளே வடக்குப்பட்டு மண்ணில் கிடைத்தன. தைரியமாகக் கேளுங்கள்.

கே: பிரஸ் மெஷினுக்குப் பொட்டு வைத்து எலுமிச்சை கட்டினால் விபத்து வராதா?
— ஒப்பந்தத் தொழிலாளி, ஒரகடம்

ப: பொட்டு வையுங்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால் ஓட்டாதீர்கள். விரல் போனால் எந்தச் சாமியும் திருப்பித் தராது. ஜப்பானில் ஜூலை முதல் வாரம் பாதுகாப்பு வாரம், 1928 முதல் நடக்கிறது. கோயிலில் வேண்டிக்கொள்ளும் கம்பெனிகளும் திரும்பி வந்து இயந்திரத்தின் காப்புக் கதவைச் சரிபார்க்கின்றன. ஒப்பந்தம், நிரந்தரம் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் அதே கையுறை, அதே பயிற்சி வேண்டும் என்று கேளுங்கள்.

இந்த வட்டாரத்தில் ஆயுத பூஜை கொண்டாடும் அத்தனை பேருக்கும் ஒரு வேண்டுகோள்: பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்காதீர்கள். ஓரமாக உடைத்து, உடனே அள்ளிவிடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிற பிள்ளைகள் அந்த ரோட்டில்தான் வருகிறார்கள்.