தாட்சண்ய இயல்

இந்நூல் நுதலிய பொருள், கிறிஸ்தவன் மனுஷரைப் பிரியப்படுத்துவது. வழங்கும் எல்லை, வடக்கே கொள்ளிடம், தெற்கே பொன்மலை. கேட்கத் தகுந்தவர், ஆராதனை முடிந்தும் கோயில் வாசலை விட்டு நகர முடியாமல் எல்லாரிடமும் தலையாட்டிக்கொண்டு நிற்பவர்.

தாட்சண்யம் இரு வகைப்படும்: வாய்வழியது, பந்திவழியது. காணிக்கைவழியது என மூன்றாவதும் உண்டென்பாரும் உளர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போதகரான ஐயர் முகத்துக்காக ஒருவர் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுப்பது அது. சபைக்கு லாபம் என்பதால் இங்கே விடப்பட்டது.

வாய்வழியதற்கு உதாரணம் வருமாறு.

"அண்ணே, கமிட்டி எலெக்‌ஷன்ல நிக்கிறேன். ஓட்டு நமக்குத்தானே?"

"கர்த்தருக்குச் சித்தமானா, தம்பி."

எதிரணிக்காரர் வந்தாலும் அதே சித்தம். இதன் உட்பிரிவு, "ஜெபத்துல வச்சுக்கிறேன்." ஊரார் "பார்க்கலாம்" என்று மழுப்பும் இடத்தில் நம்மவர் கடவுளைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஆயினும் இதனால் கெடுவது பெரும்பாலும் சொன்னவருடைய தூக்கம் மட்டுமே.

பந்திவழியது அப்படியல்ல. இதற்கு மூல உதாரணம் பேதுரு. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அதைப் பதிவும் செய்துவைத்தார். அப்போஸ்தலருக்கே வந்த வியாதி என்பதால் நமக்கு வந்தால் வெட்கமில்லை என்று சிலர் உரை காண்பர். அது தவறான பாடம்.

திருச்சியில் இந்த வகைக்குச் சரித்திரமே உண்டு. இங்கே 1826 ஏப்ரல் 3 அன்று இறந்து, தூய யோவான் ஆலயத்தில் அடக்கமான பிஷப் ஹீபர், சாதி விஷயத்தில் அவசரம் வேண்டாம், விசாரிப்போம் என்ற கட்சி. நல்ல மனிதர், இளகிய மனம். அடுத்து வந்த பிஷப்புகளில் டேனியல் வில்சனுக்கு அந்த இளக்கம் இல்லை. சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் நூற்றுக்கணக்கானவர்கள் எழுந்து போனார்கள். போனவர்களில் பலரை லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் பின்னால் ஏற்றுக்கொண்டது; சாதியில் அது அத்தனை கண்டிப்புக் காட்டவில்லை. ஆக, தாட்சண்யம் செத்துப்போகவில்லை, ஜாகை மாற்றிக்கொண்டது. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுந்த சுவருக்கு எதிராக நம் காலத்திலும் போராட வேண்டியிருந்தது. யாரைத் திருப்திப்படுத்த அந்தச் செங்கல் அடுக்கப்பட்டதோ, அவர்களும் செத்து அங்கேதான் கிடக்கிறார்கள்.

பந்தித் தாட்சண்யம் தன் சொந்தப் பெயரில் நடமாடாது என்பது இதன் தனி லட்சணம். சமாதானம், விவேகம், ஆத்தும ஆதாயம் என்றே சொல்லிக்கொள்ளும்.

முறிவு மருந்தும் இந்த எல்லைக்குள்ளேயே கிடைக்கிறது. ராமானுஜர் காவிரியில் நீராடித் திரும்பும்போது தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்ட சீடர் உறங்காவில்லிதாசர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததாக ஸ்ரீரங்கத்து வைணவ மரபு சொல்கிறது. குளித்த பிறகா, அதுவும் அந்தக் குலத்தவர் கையையா என்று முணுமுணுத்தவர்களுக்காக அவர் கையை எடுக்கவில்லை. நம்மவரில் மிஷனரி சுவார்ட்ஸ்: 1766இல் திருச்சிக் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டியவர். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது, ஹைதர் அலி வழிச்செலவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னதும், தஞ்சாவூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். ஹைதருக்கும் கடன்படவில்லை, கவர்னருக்கும் கடன்படவில்லை. இரண்டு பக்கமும் அவரை நம்பியது.

செய்முறைப் பயிற்சி ஒன்று. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் அடக்கமாகிறார்கள் என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். பார்த்ததை அடுத்த கமிட்டியில், ஐயர் முன்னிலையில், எழுந்து நின்று கேளுங்கள். "ஜெபத்துல வச்சுக்குவோம்" என்று பதில் வந்தால் உட்காராதீர்கள்.