உப்பு வாங்கிக் கடல் செய்யுத மருமவனுக்கு

ஆறடி நீளம், ரெண்டரை அடி அகலம், ரெண்டடி ஒசரத்துல கண்ணாடித் தொட்டி அடிச்சு, வீட்டுக்குள்ள கடல் வளக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். மகராசனா வளரு. நாங்க தூத்துக்குடி அளத்துல கடல்தண்ணியைக் காயப் போட்டு, உப்பை வாரி, டன் கணக்குல லாரியில ஏத்துனோம். நீ சென்னையில உக்காந்து உப்பைக் கிலோ கணக்குல வாங்கி, திரும்பத் தண்ணியில கரைச்சுக் கடலாக்கப் போறே. உன் தாத்தா இருந்திருந்தா வாருபலகையைத் தூக்கிட்டே வந்திருப்பாரு. உப்பு வார இல்லை, உன் முதுகுக்கு.

தங்கச்சி மவன், எம் மவளைக் கட்டுனவன். ரெண்டு வழியிலயும் உன்னைக் கேலி பண்ண எனக்குப் பாத்தியதை உண்டு. கோவிச்சுக்கிடாமக் கேளு.

“நம்ம அளத்து உப்பையே ரெண்டு மூட்டை போட்டா ஆகாதா மாமா?”ன்னு போன்ல கேட்டியே, புல்லரிச்சுப் போச்சுலே எனக்கு. படிச்ச பிள்ளை! கடல்தண்ணி தெப்பத்துல ஏறும்போது 3, 3.5 டிகிரி; சூடு இல்லைலே, உப்புச் செறிவை அளக்குத போமே டிகிரி. வெயில்ல சுண்டச் சுண்ட முதல்ல சுண்ணாம்பு படியும். 15 டிகிரி பக்கம் ஜிப்சம் இறங்கும். 24, 25 டிகிரிக்கு வந்தாத்தான் பாத்தியில உப்பு பூக்கும். 30 கிட்டப் போனா மிச்சக் கசப்புத் தண்ணியை வெளிய தள்ளிருவோம், மக்னீசியம் பொட்டாசியம் எல்லாம் அதோட போயிரும். ஆக, உன் மீனுக்கும் நத்தைக்கும் வேண்டிய சரக்கையெல்லாம் வழியிலேயே பறிச்சிட்டு, சாம்பாருக்கு ஆவுததை மட்டுந்தான் உங்க ஊருக்கு அனுப்புதோம். அதைக் கொட்டிக் கடல்னு சொன்னா மீனு நம்பாது.

கடல்தான் பக்கத்துல இருக்கே, கேன்ல மொண்டுக்கிடலாம்னு அடுத்தாப்புல கேப்பே. கூவமும் அடையாறும் வந்து கலக்குத கரையில மொண்டா என்னவெல்லாம் வரும்னு நான் சொல்ல வேண்டாம். மீன் கடையில விக்குத கடல் உப்புக் கலவையையே வாங்கு, பறிச்சதையெல்லாம் அதுல திரும்பச் சேத்திருப்பான். லிட்டருக்கு 35 கிராம் உப்பு நிக்கணும். கலவையில ஈரம் உண்டுங்கதால கொஞ்சம் கூடவே பிடிக்கும். தொட்டியில 850 லிட்டர், அதுக்குக் கீழ தண்ணி வடிஞ்சு சேருத சம்ப்புத் தொட்டியில 150, ஆயிரம் லிட்டருக்கு 38 கிலோவாவது வச்சுக்கோ. தண்ணி மட்டுமே ஒரு டன்னுக்கு மேல, கண்ணாடியும் கல்லும் தனி. மூணாவது மாடியில நடு ஹால்ல நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து தரையைக் காட்டு. கீழ்வீட்டுக்காரர் கடல் பாக்கணும்னு உன்கிட்ட வந்து கேக்கலை.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வருதேன். அது மீன் இல்லை, நீ. கோழிக்குத் தண்ணி வைடான்னா சட்டியை வெயில்ல வச்சிட்டு ‘மழை வரும் மாமா’ன்னு சொன்ன பய நீ. வாரத்துக்கு நூறு லிட்டர் தண்ணி மாத்தணும். முதல் வாரம் வாளியும் கையுமா பாட்டுப் பாடிக்கிட்டே தூக்குவே. அடுத்த வாரம் இடுப்பு பிடிக்கும். அதுக்கடுத்த வாரம் ‘தண்ணி தெளிவாத்தானே இருக்கு’ம்பே. மீன் கழிவுல இருந்து தண்ணியில சேருத நைட்ரேட்டுக்கு நெறம் கிடையாது மருமவனே. உழைப்பாளி வாளியிலயே காலத்தை ஓட்டிருவான். உன்னை மாதிரி ஆளுக்கு நல்ல குழாயா போட்டாத்தான் மீனு பிழைக்கும். நான் அளத்துல மோட்டார் பாத்தவன், கேட்டுக்கோ.

பின்பக்கத்து பால்கனியில வெயில் படாத இடமாப் பாத்து, 200 லிட்டர் நீல டிரம் ரெண்டு வை. வாங்கும்போது அதுல முன்னால என்ன இருந்துச்சுன்னு கேட்டு வாங்கு. ஆசிட் டிரம் வேண்டாம். ஒண்ணுல ஆர்.ஓ. தண்ணி. வெறும் ஆர்.ஓ. பத்தாது, பின்னால மிச்ச உப்பையும் பிடிக்குத டி.ஐ. ரெசினும் போட்டு, டி.டி.எஸ். மீட்டர்ல பூச்சியம் காட்டணும். கழிவுத் தண்ணி நல்ல தண்ணியைவிடக் கூடுதலா வரும், அதை வீடு துடைக்கப் பிடிச்சு வை. ரெண்டாவது டிரம்தான் கலக்குத டிரம். அடியில இருந்து மோட்டார் உறிஞ்சணும், அது தள்ளுத குழாயில ஒரு டீ. ஒரு கிளை திரும்ப டிரம்முக்கு மேலயே வந்து ஊத்தணும், இன்னொரு கிளை ஹாலுக்குள்ள தொட்டிக்கு. ரெண்டுலயும் பால் வால்வு. முதல் வால்வைத் திறந்து வச்சா ராத்திரி பூராவும் உப்பு கரையும். காலையில இதை மூடி அதைத் திறந்தா தண்ணி நடந்து போயிரும், உனக்கு வேலை விரல்ல மட்டும். தண்ணியில உப்பைப் போடு. உப்பு மேல தண்ணியை விட்டா சுண்ணாம்பு வெள்ளையாப் பிரிஞ்சு அடியில உக்காந்துக்கும், அப்புறம் கரையாது.

சம்ப்புல இருந்து குளியலறைச் சாக்கடைக்கு இன்னொரு குழாய். சம்ப்புச் சுவர்ல ரெண்டு கோடு போடு, ரெண்டுக்கும் நடுவுல நூறு லிட்டர். சம்ப்புல இருந்து தொட்டிக்குத் தண்ணி ஏத்துத மோட்டாரை நிறுத்தி, மேல இருந்து வடியுததெல்லாம் வடிஞ்சு நின்ன பொறவு, கீழ்க் கோடு வரைக்கும் வெளிய விடு, மேல் கோடு வரைக்கும் புதுசை விடு. சூடும் உப்பும் ஒத்திருக்கான்னு பாத்துட்டு விடு. ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025, 1.026 காட்டணும். பாக்க மூணு நிமிசம் ஆவாது, ஆனா நீ பாக்க மாட்டே, அதனால அதை வால்வுலயே கட்டித் தொங்க விடு.

பிளம்பர் அண்ணாச்சி ‘காலத்துக்கும் உழைக்கும்’னு பித்தளை வால்வைக் கொண்டாருவாரு. டீ வாங்கிக் குடுத்துத் திருப்பி அனுப்பு. செம்பு கலந்த தண்ணியில இறாலும் நத்தையும் தங்காது. எல்லாம் பி.வி.சி.யாவே இருக்கட்டும். மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் யூனியன் போடச் சொல்லு. போடலேன்னா ஒவ்வொரு தடவை கழுவும்போதும் ஆக்சா பிளேடு தேடுவே.

இனி கரண்டு போவுத கதை. மோட்டார் நின்னா மேல ஓடிக்கிட்டிருந்த தண்ணி சம்ப்புக்கு இறங்கும், அது நியாயம். ஆனா தண்ணி ஏறுத குழாயோட வாய் தொட்டிக்குள்ள எவ்வளவு ஆழத்துல முங்கியிருக்கோ, அவ்வளவையும் அது பின்னால உறிஞ்சி இறக்கிரும். உன் தொட்டியில ஓரங்குலம்னா 35 லிட்டர். வாயை ஒரு சாண் ஆழத்துல வச்சியானா 300 லிட்டருக்கு மேல இறங்கி, சம்ப்பு கொள்ளாதது ஹாலுக்கு வந்து உக்காரும். தண்ணியைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வு போட்டிருக்கேன்னு மீசையை முறுக்காதே. அதுக்குள்ள நத்தையும் சுண்ணாம்புக் கூட்டுப் புழுவும் குடி வந்துரும், அப்புறம் அது வாயை மூடாது. நீர்மட்டத்துக்கு ஒட்டினாப்ல குழாயில ஒரு சின்ன ஓட்டை போடு. காத்து நுழைஞ்சதும் உறிஞ்சல் அறுந்துரும். அந்த ஓட்டையில பாசி அடையாமப் பாத்துக்கோ. முதல்ல நல்ல தண்ணியை நிரப்பி, நீயே மெயினை அணைச்சுப் பாரு. எம் மவ ஆபீசுக்குப் போன நேரத்துல பாரு. அவ எங்க அம்மா மாதிரி, விளக்குமாத்தை ரெண்டு பக்கமும் பிடிப்பா.

வெயில்ல தண்ணி சுண்டும். சுண்டுதது தண்ணி மட்டுந்தான், உப்பு எங்கயும் போவாது. அதனால குறையுததுக்கு ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊத்து, உப்புத்தண்ணியை ஊத்துனா கொஞ்ச நாள்ல நம்ம பாத்தியைத்தான் பாப்பே. சித்திரை வெயிலை நாங்க கும்பிடுவோம். உனக்கு அதுவே சத்துரு. 26 டிகிரியில நிக்கணும்னா சென்னையில தண்ணியைக் குளிர வைக்குத சில்லர் இல்லாம முடியாது. அதோட கரண்டு பில்லை மட்டும் உன் பேர்ல மாத்திக்கோ.

பவளம் வைக்கணும்னு ஆசைன்னியே, அதை மட்டும் விட்டுரு. கல் பவளம் பூராவையும் 2001-லேயே வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணையில போட்டாச்சு. கடல் குதிரையும் அதுலதான். கடக்கரையில செத்துக் கிடக்குத துண்டைக்கூட எடுத்துப் பையில போடாதே. நம்ம பக்கத்துல அதைச் சுண்ணாம்புக்கு வெட்டி வெட்டித்தான் விலாங்குசல்லித் தீவே தண்ணிக்குள்ள போச்சுங்காங்க. செயற்கைக் கல் வாங்கி வை, மீனுக்கு வித்தியாசம் தெரியாது.

மீனுல கோமாளி மீன் ஒரு சோடி போதும், உங்க நீமோதான். மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல குஞ்சு பொரிக்க வச்சுக் காட்டிட்டாங்க, கடல்ல பிடிச்சதைக் கேக்காதே, வளத்ததைக் கேளு. அதுல பெருசா இருக்குததுதான் பொம்பளை. ஆம்பளை சின்னது, சொன்னபடி கேக்கும். பொம்பளை போயிட்டா அதுவே பொம்பளையா மாறி வீட்டை எடுத்து நடத்தும். உன்னால அவ்வளவுக்கு ஆவாது, அதைப் பாத்துக் கத்துக்கோ.

ஆனா உடனே விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குத, கண்ணுக்குத் தெரியாத கிருமிக் கூட்டமெல்லாம் கல்லுல குடியேற நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆவும். அதுவரைக்கும் வெறும் தண்ணியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்கு அது பழக்கம்லே, அளத்துல பொழப்பே அதுதான். பிளம்பர் வருத அன்னைக்குச் சொல்லு, முத்துநகர் எக்ஸ்பிரசைப் பிடிச்சு வந்துருதேன். வந்தா அந்த ஆறு வாரமும் உங்க வீட்டுலதான்.