முறுக்கும் வினாடி வினாவும்

கேள்வி: கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. முறுக்கு சுடுவதா, பங்குக் கோயில் வினாடி வினாவுக்கு மகளைத் தயார் செய்வதா? எனக்கு இரண்டு கைதானே!
– ஒரு வாசகி, பெரம்பலூர்

பதில்: கைக்கு முறுக்கு, வாய்க்குக் கேள்வி! நீங்கள் பிழியப் பிழிய அவள் பதில் சொல்லட்டும். சரியான விடைக்குச் சுடச்சுட ஒரு முறுக்கு.

முதல் கேள்வி: விண்மீனைக் கண்டு வந்த ஞானிகள் எத்தனை பேர்? 'மூன்று' என்றால் முறுக்கு கிடையாது. மத்தேயு எண்ணிக்கை சொல்லவே இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள்தான் மூன்று.

அடுத்தது நம் மண்ணின் கேள்வி: நற்செய்தி நூல்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத குடும்பத் தலைவர் யார்? இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். பேசாத அவரைத் தலைவராக்கித்தான், இத்தாலியில் பிறந்து அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தேம்பாவணிக் காப்பியத்தை 3,615 பாடல்களில் பாடினார்.

கடைசிக் கேள்வி: நம் வீட்டில் பேசாமல் உழைப்பது யார்? அதற்கு மகள் விடை கண்டுபிடித்துவிட்டால், மாவு பிசைய மூன்றாவது கையும் நான்காவது கையும் தானாக வந்து சேரும்!